குளத்தில் கொண்டுவந்து விட்ட மீன்



போன வருடம் யூலை விடுமுறையில் நம்முடைய வாலிபர் குழு மீன் பிடிக்கப் போனது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இந்த வருடமும் போகவேண்டும் என்று ஒரு பகுதி கேட்கிறது. "அது மீன் பிடிக்கிறதே இல்லை அக்கா, கடையில் வாங்குகிற மாதிரி" என்று இன்னொரு பகுதி சொல்கிறது. ஒரு தங்கை தனியாக வந்து, தான் இனி வரமாட்டேன் என்றாள். அவள் சொன்ன காரணத்துக்காகத்தான் இம்முறை இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த மீன் எப்படி அங்கே வந்தது என்று பார்ப்போம். மெல்பேர்ணைச் சுற்றியுள்ள பூங்காக் குளங்களில் றெயின்போ ட்ரவுட் தானாகப் பிறப்பதில்லை. அது வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளுக்குச் சொந்தமான மீன். இங்கே அதைத் தொட்டிகளில் குஞ்சு பொரிக்கவைத்து, உருண்டைத் தீனி போட்டு வளர்த்து, பாடசாலை விடுமுறை வருவதற்குச் சற்று முன்னர் லொறியில் கொண்டுவந்து குளத்தில் விடுகிறார்கள். பிள்ளைகள் சுலபமாகப் பிடிக்கட்டும் என்பதுதான் நோக்கம். எயில்டனுக்குப் பக்கத்தில் ஸ்னொப்ஸ் கிறீக் என்ற இடத்தில் விக்டோரியா அரசின் மீன் குஞ்சு நிலையம் இருக்கிறது. இந்த நாட்டுக்கே உரிய மறே கொட் மீனையும் அங்கே வளர்க்கிறார்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் மீன்பிடி லைசன்ஸுக்குக் கட்டும் காசு இந்த மாதிரி வேலைகளுக்குப் போகிறது.

ட்ரவுட்டை ஊர் ஊராகக் கொண்டுபோன கதை பழையது. 1864இல் 'நோர்போக்' என்ற பாய்க்கப்பலில், பாசியில் சுற்றிப் பனிக்கட்டிக்குள் வைத்து, இங்கிலாந்திலிருந்து தஸ்மேனியாவுக்கு மீன் முட்டைகள் வந்தன. பிறவுண் ட்ரவுட் இந்த நாட்டுக்கு வந்தது அப்படித்தான். நம்முடைய நுவரெலியா, ஹோட்டன் சமவெளி ஓடைகளிலும், அங்கே நீலகிரியிலும் வெள்ளைக்காரர் இதே வேலையைச் செய்தார்கள். அவர்களுக்கு விளையாட்டு. ஓடையில் ஏற்கெனவே இருந்த சின்ன மீன்களுக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை. கோல்பேர்ன் ஆற்றின் மேல் ஓடைகளில் மட்டும் வாழும் பார்ட் கலக்ஸியஸ் என்ற விரல் நீள மீன் இருக்கிறது. இன்று அது பெரும்பாலும் ட்ரவுட் ஏறமுடியாத நீர்வீழ்ச்சிகளுக்கும் தடுப்புகளுக்கும் மேலேதான் தப்பியிருக்கிறது. ஆகவே ஆற்றில் ட்ரவுட் விடுவது ஒரு கேள்வி, வாத்துகள் நீந்தும் மூடிய பூங்காக் குளத்தில் விடுவது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவேண்டாம்.

இனி அந்தத் தங்கையின் காரணம். போன வருடம் அவள் ஒரு மீன் பிடித்தாள். தூண்டிலில் மாவு இரை. மீன் அதை ஆழமாக விழுங்கிவிட்டது. எல்லோரும் படம் எடுத்தோம். பிறகு "பாவம், விடுவோம்" என்று அவள் சொல்ல, ஒருவர் கொக்கியை இழுத்துக் கழற்றினார். செவுளிலிருந்து இரத்தம் வந்தது. தண்ணீரில் விட்டதும் கொஞ்ச நேரத்தில் வயிறு மேலே திரும்பி மிதந்தது. அவள் அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். தினமும் இரத்தம் பார்க்கிற தாதி, "பரவாயில்லை" என்று சொன்னேன். அது சரியான பதில் இல்லை.

செவுள் மீனுக்கு நுரையீரல் மாதிரி. மிக மெல்லிய தோலுக்குக் கீழே இரத்தம் ஓடுகிறது. அது கிழிந்தால் மீன் பிழைப்பது அரிது. கொக்கி ஆழமாகப் போயிருந்தால் இழுக்கக்கூடாது. நூலை வாய்க்குக் கிட்ட வெட்டிவிட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம். காய்ந்த கையால் பிடித்தால் மீனின் வழுவழுப்புப் படலம் உரிந்து, அதன் தோல் நோய்க்குத் திறந்துவிடும். ஆகவே முதலில் கையை நனையுங்கள். (உங்கள் விரலில் கொக்கி ஏறினாலும் இதே கதைதான். பிடுங்காதீர்கள், அப்படியே மூடிக்கட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று அம்மாவிடம் கேட்டு வையுங்கள்.)

அன்று எனக்கே தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ட்ரவுட் குளிர்நீர் மீன். ஆழமில்லாத பூங்காக் குளம் கோடையில் சூடாகும்போது தண்ணீரில் ஒட்சிசன் குறைகிறது. மிச்சமிருக்கும் ட்ரவுட்டில் அநேகமானவை அந்தக் கோடையைத் தாண்டுவதில்லை. அவற்றை அங்கே விடுகிறவர்களுக்கும் இது தெரியும். பிடித்துச் சாப்பிடத்தான் விடுகிறார்கள். ஆகவே படம் எடுத்துவிட்டுத் திருப்பி விடுவதில் நாம் நினைத்த அளவு இரக்கம் இல்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் மீன் சுட்டு வைத்துக்கொண்டு சீஷர்களைச் சாப்பிடக் கூப்பிட்டதை யோவான் 21இல் படித்திருக்கிறோம். வலையில் 153 மீன் என்று எண்ணிக்கூட வைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் மீனைத் தூக்கிப் பிடித்துப் படத்துக்கு நிற்கவில்லை.

எனவே என் அபிப்பிராயம்: போவோம், ஆனால் சாப்பிடப் போவோம். ஒருவருக்கு ஒரு மீன் போதும். அது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடவேண்டும். பிடித்த மீனை வாளியில் துடிக்கவிடாமல் தலையில் ஒரே அடியில் முடிக்கவேண்டும். அதற்கென்று ஒரு குட்டித் தடி இருக்கிறது. ஆங்கில மீன்பிடிகாரர் அதை 'ப்ரீஸ்ட்' என்கிறார்கள், கடைசிச் சடங்கு செய்வதால். நம்முடைய போதகருக்குச் சொன்னேன், சிரித்தார். அதைப் பிடிக்க மட்டும் மறுத்துவிட்டார்.

அந்தத் தங்கையிடமும் இதையெல்லாம் சொன்னேன். யோசிக்கிறேன் என்றாள். வராவிட்டாலும் நான் வற்புறுத்தமாட்டேன்.

18 வயதானவர்கள் லைசன்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மீன் என்ற வரம்பையும் பார்த்து வையுங்கள். முள்ளில்லாத கொக்கியும் ஐஸ் பெட்டியும் நான் கொண்டுவருகிறேன். பூங்காவில் பார்பிகியூ அடுப்பு இருக்கிறது. ட்ரவுட் சதை மென்மையானது, குழம்பில் உடைந்துபோகும். உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பூசிச் சுடுவதுதான் நல்லது. மீன் வெட்டத் தெரிந்த அம்மா யாராவது கூட வந்தால் பெரிய உதவியாக இருக்கும்.