பனிமலையில் மறைந்த விமானம்

1950-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி. பம்பாயிலிருந்து லண்டனுக்குச் சென்ற ஏர்-இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' என்ற நாலு என்ஜின் விமானம், ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங் சிகரத்தருகே மோதி நொறுங்கியது. 48 பேரும் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் கப்பல் வேலைக்குப் போன இந்திய மாலுமிகள்!

இன்னும் சில நூறு அடி உயரத்தில் பறந்திருந்தால், விமானம் சிகரத்தைத் தாண்டியிருக்கும்.

யாராவது உயிரோடு இருக்கலாம் என்று பிரெஞ்சு மலை வழிகாட்டிகள் பனியில் ஏறினர். அவர்களில் ரெனே பாயோ என்பவர் அந்தப் பனியிலேயே உயிர் துறந்தார்.

மலை நெருங்கினால் எச்சரிக்கும் கருவிகள் இன்று விமானங்களில் உள்ளன. அது விஞ்ஞானத்தின் வெற்றி. முகம் அறியாதவருக்காக உயிரைக் கொடுக்கும் நெஞ்சை எந்தக் கருவி தரும்? அதை மனிதன்தான் வளர்க்க வேண்டும்!