படிக்க ஆளில்லாத கட்டுரையை யார் எழுதுவார்?

பொறியியல் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்குவது தமிழ்நாட்டில் ஊரறிந்த விஷயம். சென்னையிலும் கோவையிலும் ‘ப்ராஜெக்ட் சென்டர்’கள் பெயர்ப்பலகை மாட்டியே தொழில் நடத்துகின்றன. தலைப்பு, கோடிங், அறிக்கை, வைவாவுக்கான பயிற்சி எல்லாம் சேர்த்து ஒரே விலை. நண்பர்களிடம்கூட மறைக்க வேண்டிய காரியமாக இருந்ததை, ‘எங்கே மலிவு?’ என்று மாணவர்கள் இப்போது கூச்சமின்றி விசாரிக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அந்தச் செலவும் மிச்சம்.

பிற நாடுகளிலும் இதே நிலைதான். 1978 முதல் வெளியான 65 ஆய்வுகளைத் தொகுத்து பிரிட்டன் பேராசிரியர் பிலிப் நியூட்டன் 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். காசு கொடுத்து எழுதி வாங்கியதாக ஒப்புக்கொண்ட மாணவர்கள் சராசரியாக 3.5%; 2014 முதலான ஆய்வுகளில் மட்டும் 15.7%.

இத்தகைய சேவையை விற்பதை ஆஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் சட்டம் இயற்றிக் குற்றமாக்கின. இங்கே நம் கையில் இருப்பவை யுஜிசியின் 2018 விதிமுறைகள். ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10% வரை இருந்தால் தண்டனை இல்லை. 60%ஐத் தாண்டினால் ஆய்வாளரின் பதிவே ரத்து. ஆனால், வேறொருவர் புதிதாக எழுதிக் கொடுத்தது இந்தச் சல்லடையில் சிக்காது. பார்த்து எழுதியவர் மாட்டிக்கொள்கிறார், வாங்கியவர் தப்பிவிடுகிறார்.

மாணவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அரியர் பாடங்கள், வளாக நேர்காணல், ப்ராஜெக்ட் மூன்றும் ஒரே பருவத்தில் நெருக்குகின்றன. சமர்ப்பிக்கும் நாளில் பைண்டிங் சரியா, அட்டை நிறம் சரியா, பக்கங்கள் போதுமா என்றுதான் கல்லூரியில் பார்க்கிறார்கள். உள்ளே இருப்பதைப் படிக்கப் பல ஆசிரியர்களுக்கு நேரமில்லை. கையெழுத்துப் போடவே பொழுது போதவில்லை. யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்த பின், இரவு பகலாக உட்கார்ந்து எழுத எந்த இளைஞருக்கு மனம் வரும்?

ஆகவே, சீர்திருத்தம் மதிப்பீட்டில் தொடங்க வேண்டும். இறுதி அறிக்கைக்கு மட்டும் மதிப்பெண் தராமல், முதல் வரைவுக்கும் திருத்தங்களுக்கும் தோற்றுப்போன முயற்சிக்கும் பங்கு தர வேண்டும். ‘இந்த முறையை ஏன் தேர்ந்தெடுத்தாய்? எந்த இடத்தில் சிக்கினாய்?’ என்று ஆசிரியர் மாதம் ஒருமுறை எதிரே உட்கார்ந்து கேட்டாலே போதும். மனப்பாடம் செய்த பதில் அங்கே நிற்காது. அதற்குக் காலிப் பணியிடங்களை நிரப்பி ஆசிரியரின் சுமையைக் குறைப்பது அரசின், கல்லூரி நிர்வாகங்களின் கடமை. எழுதச் சொல்லும் நிறுவனம் முதலில் படிக்கக் கற்கட்டும். அதன் பிறகே மாணவரிடம் நேர்மையைக் கேட்கும் உரிமை அதற்கு வரும்.