ஒரே வளவு, வேறு அலுமாரி

கொழும்பு–கண்டி வீதியில் பஸ் பிலிமத்தலாவையைத் தாண்டும்போதெல்லாம் இலங்கை இறையியல் கல்லூரி ஞாபகம் வரும். அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்த் சபைகள் கூடி 1963இல் தொடங்கிய இடம்; படிப்பு சிங்களத்திலும் தமிழிலும். மொழி வேறானாலும் குடியிருப்பும் வழிபாடும் ஒரே வளவில். தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956க்குப் பிறகு இந்த நாட்டில் வேறு எத்தனை வளவுகளைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்? ஆனால் எந்த இருமொழிக் கல்லூரியிலும் நூலகத்துக்குள் போனதும் கை நீளும் அலுமாரி மாறிவிடுகிறது. இரு மொழி மாணவரும் சேர்ந்து புரட்டுகிற புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலம். சட்டம் படிக்கிற பிள்ளைகளின் நிலையும் இதுதான். தமிழில் படித்தவரும் பழைய தீர்ப்பொன்று வேண்டுமென்றால் தடித்த அட்டை போட்ட 'நியூ லோ ரிப்போர்ட்ஸ்' என்ற ஆங்கிலத் தீர்ப்புத் தொகுதிகளைத்தான் நாட வேண்டும். இதற்கு நூலகத்திலேயே வழி தேடலாம். ஆனால் நூலக வேலை என்றால் இரவல் சீட்டில் திகதி குத்துவது என்றே நினைத்திருக்கிறோம் (அதையும் இப்போது கணினி செய்கிறது). ஒரு தமிழ் மாணவரும் ஒரு சிங்கள மாணவரும் சேர்ந்து உட்கார்ந்து, முக்கியமான தீர்ப்புகளின் சுருக்கத்தை இரு மொழியிலும் எழுதி அந்தத் தொகுதிகளின் அட்டைக்குள் ஒட்டலாமே. சட்டபீட நிர்வாகிகளே, அதற்கென்று வாரத்தில் ஒரு பின்னேரம் ஒதுக்கிக் கொடுங்கள். மேசையும் பசையும் ஏற்கனவே இருக்கின்றன.