சுடாத துப்பாக்கியும் கிழிந்த புத்தகமும்



போன மாதம் செஞ்சிக்குப் போயிருந்தேன். ராஜகிரி அடிவாரத்தில், கல்யாண மகாலுக்குப் பக்கத்தில், பத்து வயதுப் பையன் ஒருவன் வேப்பங்குச்சியை இடுப்போடு அணைத்துக்கொண்டு மலையைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவை சுட்டதும் வலது கையைக் கீழே தள்ளி மேலே இழுத்தான். அந்தக் கையசைவு என்னை நிறுத்திவிட்டது. அது கௌபாய் படங்களில் வரும் வின்செஸ்டர் துப்பாக்கியின் அசைவு.

"யார்கிட்ட கத்துக்கிட்ட தம்பி?" என்றேன். "எங்க தாத்தாகிட்ட" என்று மரத்தடியைக் காட்டினான். அங்கே என் வயதுக்காரர் ஒருவர் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "'கங்கா' பாத்திருக்கீங்களா சார்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

1972-இல் வந்த படம் 'கங்கா'. 'கற்பகம்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த எம். கர்ணன் இயக்கியது. 'காலம் வெல்லும்', 'ஜக்கம்மா', 'எங்க பாட்டன் சொத்து' என்று அவரும் ஜெய்சங்கரும் சேர்ந்து தமிழுக்கென்று ஒரு கௌபாய் உலகத்தையே உண்டாக்கினார்கள். டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து, புழுதி கிளப்பிப் பாயும் குதிரைகளைப் பார்த்த பிள்ளைகள் நாங்கள். மறுநாள் காலையில் ஊரிலுள்ள வேலிக்குச்சியெல்லாம் துப்பாக்கியாகிவிடும். பல வருடம் கழித்து, 2010-இல், சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தபோது எங்கள் தலைமுறை ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டது என்பது அந்த மணலில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த வின்செஸ்டர் துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். விசைக்கு அடியில் விரல் நுழைகிற வளையம்போல ஒரு நெம்புகோல் இருக்கும். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே ஏறிக்கொள்ளும். இதனால்தான் இதற்கு லீவர் ஆக்‌ஷன் என்று பெயர். 1873-ஆம் வருடத்து வின்செஸ்டர், அமெரிக்காவின் மேற்குப் பகுதியை வென்ற துப்பாக்கி என்றே விளம்பரம் பெற்றது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1894 மாடல் 70 லட்சத்துக்கும் மேல் விற்றது.

சினிமா அதைக் காவியப் பொருளாக்கியது. 1939-இல் வந்த 'ஸ்டேஜ்கோச்' படத்தில் ஜான் வெய்ன் வளையத்தைப் பெரிதாக்கிய துப்பாக்கியை ஒரே கையில் சுழற்றிக்கொண்டு திரையில் தோன்றுவார். 1950-இல் 'வின்செஸ்டர் '73' என்று துப்பாக்கியின் பெயரிலேயே படம் வந்தது. வின்செஸ்டர் நிறுவனம் 1870-களில் மிகத் துல்லியமாகச் சுடும் குழல்களைப் பொறுக்கியெடுத்து, 'ஆயிரத்தில் ஒன்று' என்று பொறித்து விற்ற துப்பாக்கிதான் அதன் கதைப்பொருள். படத்தின் விளம்பரத்துக்காக, அப்படிப்பட்ட துப்பாக்கி இன்னும் யார் வீட்டில் இருக்கிறது என்று தேடினார்கள். பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கு அந்தத் தேடல் பெரிய தூண்டுகோலாயிற்று.

1964-இல் வயோமிங் மாநிலத்தின் பவள விழாவுக்காக 1,500 துப்பாக்கிகளை வின்செஸ்டர் நிறுவனம் நினைவுப் பதிப்பாக வெளியிட்டது. பிறகு அமெரிக்க மேற்குப் பகுதியின் நாயகன் பஃபலோ பில் பெயரில் ஒன்று. ஜான் வெய்ன் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1981-இல் அவர் பெயரில் 50,000. அதில் 'ஸ்டேஜ்கோச்' படத்தின் பெரிய வளையத்தையும் மறக்காமல் வைத்தார்கள். சேகரிப்பாளர்கள் அவற்றைப் பெட்டியோடு வாங்கி, பெட்டியோடு பாதுகாக்கிறார்கள். ஒரு தோட்டாகூடச் சுடாமல் இருந்தால்தான் மதிப்பு. சுட்டால் விலை இறங்கிவிடும். ஒருவர் தன் இளம்வயதுக் கதாநாயகனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவதை நான் மதிக்கிறேன். அந்தப் பிரியம் எனக்குப் புரிகிறது.

நம் ஊரில் அப்படிச் சேர்க்க வழியில்லை. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. 2019-இல் திருத்திய ஆயுதச் சட்டப்படி உரிமம் உள்ளவருக்கும் இரண்டுதான். அது நல்லதுதான். நிஜமான வின்செஸ்டர் நம் காடுகளில் முழங்கிய காலமும் உண்டு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், ஜவளகிரி, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிப் போனது .405 வின்செஸ்டருடன்தான். அதுவும் லீவர் ஆக்‌ஷன்.

மற்றபடி நமக்குக் கிடைத்த வின்செஸ்டர் எல்லாம் காகிதத்தில்தான். அதைக் கொடுத்தது சிவகாசி. 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் வந்தது; 1984-இல் லயன் காமிக்ஸ். இத்தாலியில் 1948-இல் பிறந்த டெக்ஸ் வில்லரும், பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த கேப்டன் டைகரும் தமிழ் பேசிக்கொண்டே அரிசோனாப் பாலைவனத்தில் குதிரை ஓட்டினார்கள். மரத்தடித் தாத்தா அந்த இதழ்களை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். "எத்தனை இருக்கும்?" என்றேன். "எண்ணினதில்லை சார். பாதிக்கு அட்டையே கிடையாது. தெருவே படிச்சது" என்றார்.

தெருவே படித்தது என்ற அந்தச் சொல் என்னோடு வீடு வரைக்கும் வந்தது. சுடாத துப்பாக்கிக்கு மதிப்பு அது யார் கையும் படாமல் இருப்பதில். இந்தக் காமிக்ஸுக்கு மதிப்பு எத்தனை கைபட்டுக் கிழிந்தது என்பதில். பின்னட்டையில் வீட்டுக் கணக்கும், ஓரத்தில் எண்ணெய்க் கறையும், உள்ளே யாரோ ஒரு அண்ணன் பெயரும் இருக்கிற இதழ், அந்தத் தெருவின் வரலாறு இல்லையா?

அதே பெட்டியில் இன்னொன்றும் இருக்கிறதாம். அவருடைய அம்மா சந்தையில் வாங்கிய 'பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதை'. யோசித்துப் பாருங்கள், கௌபாய் படத்தில் நாம் தேடியதெல்லாம் அந்தக் கதையில் ஏற்கெனவே இருந்தது. ஆற்காட்டு நவாபுக்குப் பணிய மறுத்து, சிறு படையோடு பெரும்படையை எதிர்த்து, 1714-இல் இருபத்திரண்டு வயதில் போர்க்களத்தில் விழுந்த செஞ்சியின் இளம் ராஜா தேசிங்கு. பாராசாரி என்ற குதிரை. கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து போருக்கு ஓடிவந்து உயிரைக் கொடுத்த முகமதியத் தோழன். அந்தத் தோழனின் சமாதி பக்கத்து நீலாம்பூண்டியில் இருக்கிறது என்று தாத்தா சொன்னார். எம்.ஜி.ஆர். 1960-இல் 'ராஜா தேசிங்கு' படத்தில் நடித்ததையும் சொல்லிவிட்டு, பேரனைக் கூப்பிட்டுக் கதையை முதலிலிருந்து தொடங்கினார். பையன் பாராசாரி வந்த இடத்தில் குச்சியை இரண்டு காலுக்கும் நடுவே வைத்துக்கொண்டான். துப்பாக்கி குதிரையாகிவிட்டது.

2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டும்தான். பெருமையாக இருக்கிறது. கோட்டையின் கல்லை இனி உலகம் பார்த்துக்கொள்ளும். அந்தக் கல்லைச் சுற்றி வளர்ந்த காகிதத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். மற்றவர்கள் குப்பை என்று எறிந்த மலிவு விலைக் குஜிலிப் பதிப்புகளையும் பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு 1994-இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமே எழுந்தது. இன்று தமிழ் அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் அங்கே போகாமல் எழுத முடியாது.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த மாதம் ஒருநாள் பரணில் ஏறிப் பாருங்கள். பழைய காமிக்ஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், பெரிய எழுத்துக் கதை ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். கரையானிடமிருந்து காப்பாற்றுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் அதை யார் வாங்கினார், எந்த ஊர்ச் சந்தையில், என்ன விலைக்கு, யார் யார் படித்தார்கள் என்று பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். பிறகு பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். கிழிந்தால் கிழியட்டும், ஒட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆசிரியர்