சும்மா இருப்பது யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

உலக ஆய்வாளர்களிடம் ‘நீட்’ என்றொரு சொல் புழங்குகிறது. நம் பிள்ளைகளை வாட்டும் மருத்துவ நுழைவுத் தேர்வு அல்ல, இது வேறு. படிப்பு, வேலை, பயிற்சி எதிலும் இல்லாத இளைஞர்களுக்கு வைத்த பெயர். 1999-ல் பிரிட்டிஷ் அரசு அறிக்கை ஒன்று தன் நாட்டு 16 முதல் 18 வயதுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசியபோது பரவலானது. இன்று 15 முதல் 24 வயது வரை, எல்லா நாட்டுக்கும் அதுவே அளவுகோல். 2020-க்குள் இந்த விகிதத்தைக் கணிசமாகக் குறைப்பதாக ஐ.நா. இலக்கு வைத்தது. 2023-லும் உலக இளைஞர்களில் ஐந்தில் ஒருவர் இந்தக் கணக்கில்தான் என்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பு. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள்.

என் சண்டை இந்த அளவுகோலோடுதான்.

வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்குப் போன பையன் ‘வேலையில் இருப்பவன்’. விடிகாலையில் குழாயடியில் குடம் வைத்து, சமைத்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பி, படுத்த படுக்கையான பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண் ‘எதிலும் இல்லாதவள்’. நம் நாட்டின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 299 நிமிடம். ஆண்கள் 97. சம்பளமில்லாத வீட்டுவேலையும் வேலைதான் என்று தொழிலாளர் புள்ளியியல் நிபுணர்களின் உலக மாநாடே 2013-ல் ஏற்றுக்கொண்டது. நீட் கணக்கில் மட்டும் இன்னும் ஏறவில்லை!

“பெயரில் என்ன இருக்கிறது டீச்சர்?” என்பீர்கள். நோயைத் தப்பாக எழுதினால் மருந்தும் தப்பாகத்தான் வரும். திறமை போதவில்லை என்று முடிவுகட்டி, மூன்று மாதப் பயிற்சியும் ஒரு சான்றிதழும் கொடுக்கிறார்கள். பி.எஸ்சி. கணிதம் முடித்தவளுக்கு இன்னொரு சான்றிதழா குறை? இருட்டிய பிறகும் ஊருக்குள் வரும் பேருந்துதான் குறை. பாட்டியைப் பார்த்துக்கொள்ள முறை போட்டுக்கொள்ளும் அண்ணன்தான் குறை.

“வீட்டுவேலையையும் கணக்கில் எழுதினால் பெண்ணை அடுப்படியிலேயே உட்கார வைத்துவிடுவார்களே” என்றும் சிலர் கேட்பார்கள். உழைப்பை மறைத்ததால் இதுவரை யாரும் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடவில்லை.

நாடுகள் சேர்ந்து ஆய்வு செய்யவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தும் ‘யங் லைவ்ஸ்’ ஆய்வைப் பாருங்கள். எத்தியோப்பியா, இந்தியா, பெரு, வியட்நாம் நாடுகளில் சுமார் 12,000 பிள்ளைகளை 2002 முதல் தொடர்கிறார்கள். இந்தியாவில் ஆந்திராவும் தெலங்கானாவும். தூக்கம், படிப்பு, வீட்டுவேலை, கூலிவேலை, எதற்கு எத்தனை மணி நேரம் என்று அந்தப் பிள்ளைகளையே கேட்கிறார்கள். அப்போதுதான் ஒரு பெண் எந்த வயதில், எதற்காகப் படிப்பை விட்டாள் என்பது தெரியும். ஒருநாள் வருகைப் பதிவை வைத்து ஒரு மாணவியை எடைபோட முடியுமா?

உலகக் கணக்கு மாறும்போது மாறட்டும். அதுவரை, வீட்டுக்கு வந்தவர்கள் “பொண்ணு என்ன பண்றா?” என்று கேட்டால், “சும்மாதான் இருக்கா” என்று சொல்லாதீர்கள். “வேலை தேடுறா, வீட்டையும் பார்த்துக்கிறா” என்று முழுசாகச் சொல்லுங்கள். என்னிடம் படித்த ஆம்பளைப் பிள்ளைகளே, உங்களுக்குத் தனியாக ஒரு வீட்டுப்பாடம்: அந்த 97-ஐக் கொஞ்சம் கூட்டுங்கள்.