ஊருக்குத் திரும்பும் ஆராய்ச்சி

சென்னைச் சர்வகலாசாலையின் பொருளாதாரப் பேராசிரியராக விளங்கிய கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ஆம் ஆண்டில் தம் மாணாக்கர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, இன்னாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு கடன் என்று வீட்டுக்கு வீடு விசாரித்து எழுதிவரும்படி பணித்தார். (தெரிந்த மனிதரிடம் கடனைப் பற்றிக் கேட்பது எத்துணை தர்மசங்கடம்!) இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் விருத்தாந்தம் 1918-இல் புஸ்தகமாயிற்று, 1930-களில் பொருளாதார அறிஞர்களான பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்தார்கள். தாத்தா இழந்த காணியைப் பேரன் மீட்டானா, அல்லது பட்டணத்துக்கே போய்விட்டானா என்பது, இப்படித் தலைமுறைதோறும் ஒரே ஊருக்குத் திரும்பிச் செல்பவர்களுக்கே புலப்படும்; ஒரு பகல் காரில் வந்து, ஆலமரத்தடியில் நாலு பேரைக் கண்டு எழுதும் அறிக்கையை ஆராய்ச்சியென்று சொல்ல எனக்குச் சம்மதமில்லை. நம் கலாசாலைகள் வருகிற கோடை விடுமுறையிலேனும் மாணவர்களை நோட்டும் பென்சிலுமாக அவரவர் ஊருக்கு அனுப்பிவைக்கட்டும்.