தூலொஸ் என்றால் வேலைக்காரனா?

ஹாலிஎலையைச் சுற்றியுள்ள தோட்டங்களின் சிற்றாலயங்களில், வாரமெல்லாம் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்த மக்கள் ஞாயிறன்று அமர்ந்து வேதம் கேட்கின்றனர். எபேசியர் நிருபத்தின் ஆறாம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. 1871ஆம் ஆண்டுத் தமிழ் வேதாகமத்தின்படி அங்கு எஜமானுக்கு அஞ்சிக் கீழ்ப்படியுமாறு பணிக்கப்படுவோர் 'வேலைக்காரர்'. கொழுந்து பறிக்கும் பெண் அது தன்னையே விளித்ததாகக் கொள்வதில் வியப்பென்ன?

ஆனால் கிரேக்க மூலத்திலுள்ள சொல் தூலொஸ். சந்தையில் விலைக்கு வாங்கவும் விற்கவும் பட்ட மனிதனை, அதாவது அடிமையை, அச்சொல் குறிக்கும். கூலிக்கு உழைப்பவனைக் குறிக்கக் கிரேக்கத்தில் மிஸ்தியொஸ், எர்காத்தேஸ் என வேறு சொற்கள் உண்டு.

அன்றைய மொழிபெயர்ப்பாளருக்கு 'அடிமை' என்ற தமிழ்ச் சொல் தெரியாதா? நன்றாகத் தெரியும். கலாத்தியரில் அடிமையென்றும் சுயாதீனனென்றும் பேதமில்லை எனும் இடத்தில் தூலொஸ் அடிமையே. ஒநேசிமுவைச் சகோதரனாக ஏற்கும்படி பிலேமோனுக்கு எழுதப்பட்ட இடத்திலும் அடிமையே. பவுல் தம்மைக் கிறிஸ்துவின் தூலொஸ் என்னும்போது கௌரவமான 'ஊழியக்காரன்' வந்துவிடுகிறான். எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டிய இடத்தில் மட்டும் அவன் வேலைக்காரனாகிறான்! சகோதரத்துவம் பேசுகையில் அடிமை. கீழ்ப்படிதல் பேசுகையில் வேலைக்காரன். இது சதியென்று நாம் கூறவில்லை; 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமமும் அவ்விடத்தில் இவ்வாறே மழுப்பிற்று. ஆயினும் சதியின்றியும் ஒரு சொல் எஜமானுக்குத் தொண்டு செய்யக்கூடும்.

அத்தொண்டு எவ்விடத்தில் நடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. பத்தாண்டுகளில், 1854இல், துரைமாரின் ஆதரவோடு மலையகத்தில் 'தமிழ்க் கூலி மிஷன்' தோன்றியது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமோ, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டகன்ற தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்தது. கடன்தொகை எழுதிய 'துண்டு' இல்லாமல் அவன் மறு தோட்டம் புகமுடியாது. அம்முறை 1921 வரை நீடித்தது. பெயரில் கூலி, நிலையில் பாதி அடிமை. இத்தகையவனிடம் 'வேலைக்காரரே' என்ற விளி சென்றபோது, ரோமானிய அடிமைக்கு எழுதப்பட்ட கட்டளை உவா மலையின் கூலித் தொழிலாளிக்குரிய தேவகட்டளையாக உருமாறிற்று.

'அடிமைகளே என்று எழுதினால் வேதம் அடிமைமுறையை ஆதரிப்பதாகத் தோன்றுமே' என்று சிலர் தயங்குவர். தோன்றட்டும்! அது வேதத்தோடு வழக்காட வேண்டியவர்களின் சங்கடம்; அதை மறைக்கத் தோட்டத் தொழிலாளியின் தலையில் ஏன் சுமத்த வேண்டும்? 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அவ்விடத்தில் 'அடிமைகளே' என்றே நேர்மையாக எழுதிவிட்டது. அதனால் எந்த ஆலயமும் இடிந்துவிடவில்லை. பழைய மொழிபெயர்ப்பையே கையில் ஏந்தும் சபைகள் மட்டும் ஏன் வாளாவிருக்கின்றன?

இன்னொன்றும் கேட்கிறோம். யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், வயலறுத்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்த செல்வர்மீது கடுஞ்சொல் வீசப்படுகிறது. அங்கு மூலச்சொல் எர்காத்தேஸ், மெய்யான கூலியுழைப்பாளி. பழைய தமிழில் அவனும் 'வேலைக்காரர்' தான். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என 2021இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது தோட்டக் கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை பிரசங்க பீடங்களில் யாக்கோபு ஐந்து வாசிக்கப்பட்டது?